பிஎச்.டி.க்குள் ஒரு எச்.ஐ.வி தடுப்புத் திட்டத்தைச் சோதித்து முடிக்க முடியுமா?

களம்_நாடி:
எம்.எஸ்.டபிள்யூ முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு முன்வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். மக்கள் நடுவில் நடக்கும் எச்.ஐ.வி தடுப்பு ஆய்வையே வாழ்நாள் வேலையாக்க ஆசை. திட்டம் இதுதான்: ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் 200 பேரைக் கூப்பன் சங்கிலி முறையில் (வந்தவரிடம் கூப்பன் கொடுத்து அவருக்குத் தெரிந்தவர்களை அழைத்துவரச் செய்வது) சேர்ப்பது, அவர்களில் செல்வாக்குள்ள சிலருக்குப் பயிற்சி கொடுத்து நண்பர்களிடம் பேசவைப்பது, ஆறு மாதம் கழித்து ஆணுறைப் பயன்பாடு கூடியதா என்று அதே ஆட்களிடம் கேட்பது. மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இது எங்கே இடறும்?

வரைவு_பார்ப்பவர்:
மூன்று ஆய்வுகளை ஒன்றில் அடைத்திருக்கிறீர்கள். முதல் இடறல், ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆறு மாதத்தில் ஆணுறைப் பயன்பாடு கூடினாலும் அது பயிற்சியாலா, திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டதாலா என்று சொல்லவே முடியாது. செல்வாக்குள்ளவர்கள் மூலம் பேசவைக்கும் முறையை ஜெஃப்ரி கெல்லி குழுவினர் 1991இல் அமெரிக்கச் சிறுநகரங்களில் காட்டினார்கள், நல்ல பலன். அதையே சீனா, இந்தியா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் பெரிய அளவில் சோதித்த முடிவு 2010இல் வந்தபோது, ஒப்பீட்டுப் பகுதிகளைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்தப் பகுதிகளுக்கும் பரிசோதனை, ஆலோசனை, பால்வினை நோய்க்குச் சிகிச்சை எல்லாம் கிடைத்தன. இரு பக்கமும் ஆபத்தான நடத்தை குறைந்தது. இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஒப்பீட்டுக் குழு வைப்பதென்றால் ஆட்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. நண்பருக்கு நண்பர் சொல்வதுதானே இந்த முறையே! செய்தி அந்தப் பக்கமும் போய்விடும். இடங்களைத்தான் பிரிக்க வேண்டும். அப்போது மாதிரி அளவு 1+(ம−1)×ரோ மடங்கு பெருகும். ‘ம’ என்பது ஓரிடத்தில் சேர்க்கும் ஆட்கள், ‘ரோ’ என்பது ஓரிடத்து ஆட்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு. இடத்துக்கு 30 பேர், ரோ 0.02 என்றால் 1.58 மடங்கு. அதோடு பயிற்சிக் குழு, ஒப்பீட்டுக் குழு ஒவ்வொன்றுக்கும் நான்கு இடங்களாவது இல்லாமல் புள்ளியியல் பேசவே முடியாது. ஒரு மாணவர் தனியாகச் சுமக்கும் வேலை இல்லை இது.

சங்கிலி_மாதிரி:
கூப்பன் முறை பற்றி. டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997இல் முன்வைத்த இந்த முறை ஒரு மக்கள் கூட்டத்தின் நிலவரத்தை மதிப்பிடுவதற்கானது. ஆறு மாதம் பின்தொடரும் குழுவைத் திரட்ட இது வசதியில்லை.

செய்வதானால்: ஆறு முதல் பத்து விதை நபர்கள், அதாவது சங்கிலியைத் தொடங்க நீங்களே தேர்ந்தெடுப்பவர்கள். எல்லோரும் ஒரே தொண்டு நிறுவனத்தின் அறிமுகமாக இருந்தால் வீண். வயது, வருமானம், திருமணமானவர், ஆகாதவர் என்று கலந்து எடுங்கள். ஆளுக்கு மூன்று கூப்பன், அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாகக் கொடுத்தால் சங்கிலி நீளாமல் அகலமாகப் பரவும், விதை நபர்களின் சாயலே மாதிரியில் தங்கிவிடும். ஊக்கத்தொகை இரண்டு தரம்: நேர்காணலுக்கு ஒன்று, அழைத்து வந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. தொகை தாராளமாக இருந்தால் கூப்பன் விற்பனை தொடங்கும், தகுதியில்லாதவர்களும் வருவார்கள். தகுதியைச் சோதிக்க அந்த வட்டத்துக்குள் மட்டும் புழங்கும் சொற்கள், சந்திக்கும் இடங்கள் பற்றி இரண்டு மூன்று கேள்விகள் வையுங்கள். அவற்றை எழுதித் தரவேண்டியவர்கள் அந்தச் சமூகத்தினரே.

பலர் கோட்டைவிடுவது வட்ட அளவுக் கேள்வியில், அதாவது ஒருவருக்கு அந்தச் சமூகத்தில் எத்தனை பேரைத் தெரியும் என்பதில். “எத்தனை நண்பர்கள்?” என்று கேட்டால் 50, 100 என்று உத்தேசமான எண்கள்தான் வரும். படிப்படியாகக் கேளுங்கள்: பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் உங்களைத் தெரியுமா, அவர்களில் 18 வயது நிரம்பியவர்கள், கடந்த 30 நாளில் நேரில் பார்த்தவர்கள். கணக்கில் ஒவ்வொருவருக்கும் தரும் எடை இந்த எண்ணின் தலைகீழ் (வட்டம் பெரிதானால் எடை குறையும்) என்பதால், இது தவறினால் மதிப்பீடு முழுவதும் தவறும்.

200 போதாது. விகிதம் 50%, பிழை ±7 சதவீதப் புள்ளி என்றால் எளிய மாதிரிக்கே 196 பேர் வேண்டும். இந்த முறைக்குக் குறைந்தது இரண்டு மடங்கு: 392. நான்கு மடங்கு கேட்கும் மதிப்பீட்டாளர்களும் உண்டு.

களம்_நாடி:
சோதனையை விட்டுவிட்டு நிலவரம் மட்டும் எடுத்தால், ஆணுறையை அளவுகோலாக வைக்கலாமா?

அளவுகோல்:
அது மட்டும் போதாது. சிகிச்சையால் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி இறங்கியவரிடமிருந்து உறவின் மூலம் தொற்று பரவாது. பிரெப் (தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும்) மாத்திரை ஒழுங்காக எடுப்பவருக்கும் ஆபத்து மிகக் குறைவு. எனவே “ஆணுறை இல்லாத உறவு” என்று ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். துணை வாரியாக, கடந்த மூன்று மாதத்துக்கு, துணையின் நிலை, அவர் சிகிச்சையில் இருப்பது, இவர் பிரெப் எடுப்பது எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். கடைசி உறவு பற்றித் தனிக் கேள்வி வையுங்கள், நினைவுப்பிழை அதில்தான் குறைவு. கூச்சமான பகுதியைக் காதொலிப்பானோடு கணினியில் அவரே பதிலளிக்க விடுங்கள்.

மாத்திரை எடுத்தேன் என்று வாயால் சொல்வதை நம்பி முடிவெழுதக் கூடாது. பிரெப் மாத்திரையைச் சோதித்து 2010இல் முடிவு வந்த ஐபிரெக்ஸ் சோதனையில் மருந்துக் குழுவில் தொற்று 44% குறைந்தது. ஆனால் அந்தக் குழுவில் தொற்று ஏற்படாதவர்களிலேயே, ரத்தம் சோதிக்கப்பட்டவர்களில் 51% பேரிடம்தான் மருந்து தென்பட்டது, தொற்றியவர்களில் 9%. வாய்மொழியில் பெரும்பாலோர் எடுத்ததாகவே சொல்லியிருந்தார்கள்.

பரிசோதனையும் செய்வீர்களானால் இடைவெளிக் காலத்தை, அதாவது தொற்றியபின் சோதனையில் தெரியவர ஆகும் நாட்களை, மறக்காதீர்கள். ஆய்வகத்தில் நரம்பில் எடுத்த ரத்தத்தில் ஆன்டிஜென்னும் (வைரஸின் புரதம்) ஆன்டிபாடியும் (உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்) பார்க்கும் சோதனைக்கு 18 முதல் 45 நாள். ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் துரிதச் சோதனைக்கு 23 முதல் 90 நாள். அதற்குள் வந்தவருக்கு மறுதேதி கொடுத்தனுப்ப வேண்டும். பாசிட்டிவ் வந்தால் அன்றே ஏஆர்டி (எச்.ஐ.வி கூட்டுமருந்துச் சிகிச்சை) மையத்தில் யாரிடம் அனுப்புவது, கூட யார் போவது என்பதை ஒரு நேர்காணல்கூடத் தொடங்கும் முன் முடிவு செய்திருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

வரைவு_பார்ப்பவர்:
என் யோசனை: முதல் ஆண்டில் சமூக ஆலோசனைக் குழு, 20–25 ஆழ்ந்த நேர்காணல்கள், முதல் கட்டுரை. இரண்டாம் ஆண்டில் ஏற்கெனவே திரட்டப்பட்ட தரவில் பகுப்பாய்வு, கூடவே கேள்விப்பட்டியலை 30 பேரிடம் முன்சோதனை. மூன்றாம் ஆண்டில் பயிற்சித் திட்டத்தைச் சிறிதாக நடத்தி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எதை ஏற்கவில்லை என்று மட்டும் பாருங்கள். பலன் உண்டா என்று கேட்கும் முழுச் சோதனைக்கு அதன்பின் நிதி கேட்கும்போது, இந்த மூன்றும்தான் உங்கள் கையிருப்பு.

ஆலோசனைக் குழுவைக் கையெழுத்துக்காக வைக்காதீர்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸும் எச்.ஐ.வி தடுப்புக்காகக் குரல்கொடுக்கும் ஏவிஏசி அமைப்பும் 2007இல் வெளியிட்டு 2011இல் திருத்திய நற்பங்கேற்பு வழிகாட்டி உயிர்மருத்துவச் சோதனைகளுக்காக எழுதப்பட்டது. ஆனாலும் உங்களுக்கும் பொருந்தும். கூட்டத்துக்கு வருபவருக்கு அவர் நேரத்துக்கான தொகை கொடுங்கள். பெயர்ப்பட்டியலும் குறியீட்டெண்ணும் வெவ்வேறு பூட்டில் இருக்கட்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே முடிவுகளை அவர்களிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள். வட்ட அளவு ஏன் அப்படி வந்தது, ஒரு பகுதியினர் ஏன் வரவேயில்லை என்பதற்கான விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.