62,000 பார்வைக்கு 24 டாலர்: தமிழ்த் தளத்தில் விளம்பர வருமானம் இவ்வளவுதானா?

மொட்டைமாடி:

வணக்கம் நண்பர்களே. மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு தளம் மூன்று வருடமாக நடத்தி வருகிறேன். 140 கட்டுரைகள் இருக்கின்றன, எல்லாமே என் மாடியில் நானே செய்து பார்த்து எழுதியவை, படங்களும் நான் எடுத்தவைதான். போன வருடம் ஆட்சென்ஸ் (தளங்களில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகிளின் சேவை) அனுமதி கிடைத்தது. 10 டாலர் சேர்ந்ததும் பின் எண் கடிதம் தபாலில் வந்தது, முகவரியை உறுதி செய்துவிட்டேன், அந்த வகையில் ஒரு சிக்கலும் இல்லை. மாதம் சுமார் 62,000 பக்கப் பார்வை வருகிறது, வருமானமோ 24 டாலர் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆயிரம் பார்வைக்கு 40 சென்ட் கூட இல்லை. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும் என்பதால் நாலு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பக்கத்தில் இப்போது மூன்று விளம்பரம் வைத்திருக்கிறேன். அதை ஏழெட்டாகக் கூட்டினால் வருமானம் ஏறுமா? வேறொரு விளம்பர நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, பாப்-அப் (பக்கத்தை மறைத்துக்கொண்டு திடீரென்று எழும் விளம்பரம்) போட்டால் இரண்டு மடங்கு தருகிறோம் என்கிறார்கள். வீட்டில் என் தம்பி, தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுது என்று தினமும் சொல்கிறான். எனக்கு அதில் மனமே இல்லை. என் வாசகர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருக்கும் அம்மாக்களும் பணி ஓய்வு பெற்றவர்களும்தான், கத்தரியில் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய பதிவர்:

முதலில் ஒன்று, உங்கள் எழுத்தில் குறை இருப்பதால் இந்தத் தொகை குறைவாக இல்லை. விளம்பர இடம் ஒவ்வொரு முறையும் ஏலத்தில்தான் போகிறது. ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கும் அந்த நொடியில் அவரிடம் எதையாவது விற்க எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதுதான் விலை. ஆட்சென்ஸ் 2003லேயே வந்துவிட்டது, தமிழை ஆதரிக்கும் மொழியாகச் சேர்த்தது 2018 பிப்ரவரியில்தான். நம் மொழிப் பக்கங்களுக்கு என்று காசு ஒதுக்கும் விளம்பரதாரர் கூட்டம் இன்னும் சிறியது. மாடித்தோட்டம் படிக்கிறவரை எந்த வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் துரத்திக்கொண்டு வருவதில்லை, அதனால் ஏலத்தில் கை தூக்குபவர்கள் குறைவு.

கூகிள் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறதோ என்று சிலர் கேட்பார்கள். பல வருடமாகவே பதிப்பாளருக்கு, அதாவது தளம் நடத்தும் நமக்கு, விளம்பரக் காசில் கிடைப்பது சுமார் 68 சதவீதம். 2023 நவம்பரில் கணக்கிடும் முறையை மாற்றி அறிவித்தார்கள், விளம்பரதாரர் பக்கக் கட்டணம் போக மீதியில் 80 சதவீதம் என்றார்கள், கூட்டிக் கழித்தால் அதே 68 பக்கம்தான் வருகிறது. அதோடு, கிளிக்குக்குக் காசு என்ற பழைய முறை போய், விளம்பரம் காட்டப்படுவதற்குக் காசு என்று ஆகிவிட்டது. ஆகவே கிளிக் எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்படுவதை விடுங்கள். வாசகர் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார், எவ்வளவு கீழே வரை படிக்கிறார் என்பதைப் பாருங்கள்.

ஏழெட்டு விளம்பரம் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மூன்று என்ற பழைய விதியை 2016லேயே எடுத்துவிட்டார்கள், அதனால் வைக்க முடியும். ஆனால் கைபேசியில் கட்டுரையின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருந்தால் அது மோசமான அனுபவம் என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது, பாப்-அப்பும் அதே பட்டியலில்தான் வருகிறது. அந்தத் தரத்தைத் தொடர்ந்து மீறும் தளங்களில் குரோம் உலாவி எல்லா விளம்பரத்தையும் மறைத்துவிடும், 2019 ஜூலை 9 முதல் உலகம் முழுவதும் இது நடைமுறையில் இருக்கிறது. பாப்-அப்புக்குக் கிடைக்கும் இரண்டு மடங்கைப் பார்த்துப் போனால் கையில் இருக்கும் ஒரு மடங்கும் போய்விடும்.

அப்புறம், விளம்பரம் வரும் இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்கும், வயதானவர்கள் தெரியாமல் விளம்பரத்தில் விரல் வைத்துவிடுவார்கள். அது அவர்களுக்கும் எரிச்சல், உங்கள் கணக்குக்கும் நல்லதில்லை.


தேனிக்காரன்:

கணக்கு என்று பேச்சு வந்ததால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது. போட்டித் தேர்வுக் குறிப்புகளுக்கு ஒரு தளம் வைத்திருந்தேன். முதல் 100 டாலரைத் தொட இன்னும் 11 டாலர் பாக்கி. சந்தோஷத்தில் அதைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மாமா, சித்தி பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள் என்று எல்லோரும் உதவி செய்வதாக நினைத்து இரண்டு நாள் உட்கார்ந்து விளம்பரத்தை அழுத்தித் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் நாள் கணக்கு முடக்கப்பட்டது. சேர்ந்திருந்த 89 டாலரும் விளம்பரதாரர்களுக்கே திரும்பப் போனது. மேல்முறையீடு எழுதினேன், ஏற்கவில்லை. புதிய கணக்கு திறக்கவும் அனுமதி இல்லை.

தப்பு என்னுடையதுதான். அந்தக் கடைக்காரர்களும் காசு கொடுத்துத்தானே விளம்பரம் போடுகிறார்கள், அவர்கள் காசை நாங்கள் வீணாக்கினோம். அதனால் வருமானம் எவ்வளவு என்று குடும்பக் குழுவில் கூடச் சொல்லாதீர்கள். "விளம்பரத்தை அழுத்தி ஆதரவு தாருங்கள்" என்று தளத்தில் ஒரு வரி கூட இருக்கக் கூடாது. உங்கள் சொந்தக் கைபேசியில் தளத்தைச் சரிபார்க்கும்போது விரல் படாமல் பாருங்கள்.


பின்வளவு:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துச் சமையல் பற்றி ஒரு தளம் வைத்திருக்கிறேன். என்னுடைய வாசகர்களில் பாதிக்கு மேல் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கம் இருக்கிற எங்கட சனம். ஆட்சென்ஸ் அறிக்கையில் நாடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். அதே தமிழ்க் கட்டுரைதான், கனடாவில் இருந்து திறக்கிற ஆயிரம் பார்வைக்கு எனக்குக் கிடைப்பது இங்கே கிடைப்பதைவிடப் பல மடங்கு, ஏனென்றால் அந்த ஊர்க் கடைகளும் நிறுவனங்களும்தான் அந்த ஏலத்தில் நிற்கின்றன. அதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

உங்களுக்கு இதில் நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. கனடாவில் கோடை வந்தால் எங்கட ஆட்கள் பின்வளவில் பாகல், கத்தரி, வெண்டி எல்லாம் வைப்பார்கள். அங்கே வெயில் காலம் கொஞ்சம்தான், அதனால் பங்குனி, சித்திரையிலேயே வீட்டுக்குள் யன்னலோரம் நாற்றுப் போட்டு, குளிர் விட்டபின் வெளியே நட வேண்டும். இதைத் தமிழில் ஒழுங்காக, படத்தோடு, மாதம் மாதமாக எழுதியவர்கள் மிகக் குறைவு. என்ர மாமி ஒவ்வொரு வருடமும் இதை யாரிடமாவது தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. நீங்கள் அங்கே இருக்கிற நாலு பேரிடம் கேட்டு, அவர்களின் படங்களோடு எழுதினால் அது உண்மையாகவே பயன்படும். சும்மா ஊகித்து எழுத வேண்டாம், குளிர் விடுகிற நேரம் இடத்துக்கு இடம் மாறும்.


ஊசிநூல்:

மொட்டைமாடி அண்ணா, மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் நீங்கள் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வாசகரிடம் விற்க ஆசைப்படுபவர் யார்? ஏலத்தில் கை தூக்கத் தெரியாத ஆட்கள்தான். மண்புழு உரம் போடுகிறவர், தென்னை நார்க்கட்டி விற்கிறவர், நாட்டு விதை சேகரித்து விற்கிறவர், குரோ பேக் (செடி வளர்க்கும் பை) தைக்கிறவர், உள்ளூர் நாற்றுப் பண்ணை. இவர்களில் பலருக்கு ஆன்லைனில் விளம்பரம் எப்படிக் கொடுப்பது என்றே தெரியாது, ஆனால் பேருந்து நிலையத்துப் பக்கம் பிளெக்ஸ் வைக்கவும் நாளிதழோடு நோட்டீஸ் போடவும் காசு செலவு செய்கிறார்கள். நேராகப் போய்க் கேளுங்கள்.

நான் ஆரி வேலைப்பாடு பற்றித் தளம் நடத்துகிறேன். பார்வை உங்களில் பாதி கூட இல்லை. ஆட்சென்ஸில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதே பாடு. இரண்டு வருடம் முன்பு மணி, ஜரிகை, ஸ்டாண்ட் விற்கும் ஒரு கடைக்குப் போனேன், நான் அங்கே வழக்கமாகப் பொருள் வாங்குகிறவள்தான். சர்ச் கன்சோலில் (தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகிளின் கருவி) எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்வை எண்ணிக்கையைச் சொன்னபோது அந்த அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆரி ஊசி எங்கே வாங்குவது" என்று தேடி போன மாதம் 300 பேர் வந்திருக்கிறார்கள் என்று காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு கட்டுரையில் மட்டும் மாதம் 1,500 ரூபாய்க்கு இடம் கொடுத்தேன், முதல் மாதம் இலவசம். இப்போது மூன்று கடைகள் இருக்கின்றன.

சில விஷயங்களில் நான் உறுதியாக இருப்பேன். மாதத் தொகைதான், கிளிக் கணக்கு கிடையாது, முன்பணம் வாங்கிவிடுவேன். படத்துக்கு மேலேயே "விளம்பரம்" என்று எழுதியிருப்பேன், சின்ன எழுத்தில் ஒளித்துவைக்க மாட்டேன். இணைப்பில் ஸ்பான்சர்டு என்ற குறிப்பையும் சேர்த்துவிடுவேன், காசு வாங்கிய இணைப்புக்கென்று கூகிள் 2019ல் கொண்டுவந்த குறிப்பு அது, அதைப் போடாமல் விட்டால் தேடலில் தளம் அடிபடலாம். நான் பயன்படுத்திப் பார்க்காத பொருளுக்கு இடம் கொடுப்பதில்லை. நூலில் சாயம் போகும் ஒரு சரக்கை விற்க ஒருவர் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னை நம்பி ஒரு பெண் கல்யாண ரவிக்கைக்கு அந்த நூலை வாங்கிவிட்டால் நான் எந்த முகத்தோடு அடுத்த கட்டுரை எழுதுவது?

உங்களுக்கு ஆடி மாதம்தான் அறுவடை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரே விதை தேடும் நேரம், உங்கள் பார்வையும் அப்போதுதான் ஏறும். ஏலத்தில் விலை ஏறுவது தீபாவளியை ஒட்டித்தான், சனவரியில் படுத்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் வராது. விதைக்காரரிடம் ஆனியிலேயே பேசி, ஆடி, ஆவணி இரண்டு மாதத்துக்கு இடத்தை விற்றுவிடுங்கள். எனக்கு ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் இதே மாதிரிதான்.


மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. பாப்-அப் நிறுவனத்துக்கு வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். நாடு வாரியாகப் பார்த்தேன், பின்வளவு சொன்னது அப்படியே இருக்கிறது: கனடாவிலிருந்து மொத்தப் பார்வையில் மூன்று சதவீதம்தான், வருமானத்தில் அது 14 சதவீதம். இது தெரியாமலேயே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

தேடல் சொற்களையும் பார்த்தேன். "செம்மண் தேங்காய் நார் எவ்வளவு கலக்க வேண்டும்" என்பதற்கு மட்டும் போன மாதம் 2,100 பேர் வந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் நார்க்கட்டி விற்கும் ஒருவரைத் தெரியும், அவரிடம் பேசலாம் என்றிருக்கிறேன். ஊசிநூல் அவர்களே, "இத்தனை பேர் வாங்குவார்கள் என்று உறுதி கொடு" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வரி விவகாரமும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.


வரவுசெலவு:

வரி பற்றி நான் சொல்கிறேன், கணக்கு எழுதுவது என் தொழில். இந்தியப் பதிப்பாளருக்கு ஆட்சென்ஸ் பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, மாதத்தின் 21 முதல் 26 தேதிக்குள் அனுப்புவார்கள். வங்கியில் ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள், நாலு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. சில வங்கிகளில் ஒவ்வொரு வரவுக்கும் தனிக் கட்டணம் உண்டு, சிறு தொகை அடிக்கடி வருவதைவிடச் சேர்த்து வாங்குவது லாபம், ஆட்சென்ஸிலேயே அந்த வரம்பைக் கூட்டி வைக்கலாம்.

வருமான வரிக் கணக்கில் ஆட்சென்ஸ் பணமும் கடைக்காரர் தரும் பணமும் தொழில் வருமானம்தான், இரண்டையும் காட்டுங்கள். சர்வர், டொமைன், கேமரா செலவுக்கு ரசீது இருந்தால் கழிக்க வழி உண்டு. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் என்பது பதிவுக்கான பொதுவான வரம்பு. பதிவு செய்யாதவரை கடைக்காரருக்குத் தரும் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டுப் பணம் வாங்கக் கூடாது. பெயர், தேதி, எந்த மாதத்துக்கான விளம்பரம், தொகை, இவ்வளவு போதும். கைமாற்று மாதிரி வாங்காமல் வங்கி வழியாகவே வாங்குங்கள்.


ஊசிநூல்:

உறுதி கேட்டால் கொடுக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் கடைக்கு முன்னால் ஆட்கள் நடந்துபோவதற்குத்தான் நாம் பொறுப்பு, உள்ளே வருவதும் வாங்குவதும் அவர் சரக்கையும் விலையையும் பொறுத்தது. அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். அந்தப் படத்தில் மட்டும் வேறொரு வாட்ஸ்அப் எண் போடச் சொல்லுங்கள், அல்லது "மாடித்தோட்டம் என்று சொன்னால் பத்து ரூபாய் குறைவு" என்று ஒரு வரி. மாதக் கடைசியில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று அவருக்கே தெரிந்துவிடும். எனக்கு ஒரு கடையில் ஒரு மாதம் ஆறு பேர்தான் வந்தார்கள், அடுத்த மாதப் பணம் வாங்கவில்லை, கட்டுரையில் இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தோம், அப்புறம்தான் சரியாக வந்தது.


மொட்டைமாடி:

புரிந்தது. நாளைக் காலை போகிறேன். படம் எந்த அளவில் கேட்பது?


ஊசிநூல்:

கைபேசிக்கு 320க்கு 100 பிக்சல், கட்டுரை நடுவில் வைப்பதென்றால் 300க்கு 250. எடை 50 கேபி தாண்ட வேண்டாம். அவரிடம் படம் இருக்காது, கையில் ஒரு நார்க்கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து நீங்களே எடுத்துக் கொடுங்கள், ஊறி உப்பி வருவதைக் காட்டினாலே வாங்குகிறவர்களுக்குப் புரிந்துவிடும். அந்த 2,100ஐ அச்செடுக்க மறந்துவிடாதீர்கள்.