ருசி மறந்துபோச்சு, சாப்பிட்ட விதம் மறக்கல – உங்களுக்கு அப்படி ஏதாவது?

வழிப்போக்கன்:
வெளியூர் போனால் "இங்கே என்ன ஃபேமஸ்?" என்று கேட்பதை விட்டு ரொம்ப நாளாகிறது. எந்த ஊரிலும் பரோட்டாவைத்தான் காட்டுகிறார்கள். இப்போதெல்லாம் "இந்த ஊரில் எப்படிச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்கிறேன். அப்படிக் கேட்டுப் போனதில் எனக்கு முதலிடம் கேரளத்து ஆறன்முளா வள்ளசத்யா, அதாவது படகுக்காரர்களுக்கான கோவில் விருந்து.

செங்கன்னூரில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் பம்பைக் கரையில் பார்த்தசாரதி கோவில். ஆடி மாதவாக்கில் தொடங்கி இரண்டு மூன்று மாதம் அங்கே இந்த விருந்து நடக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் ஏதாவது ஓர் ஆற்றங்கரை ஊரின் பள்ளியோடத்தை (கோவில் படகை) அழைப்பார்கள். பாம்புபோல வால் தூக்கிய அந்த நீளப் படகில் துடுப்புக்காரர்கள் பாடிக்கொண்டே வந்து இறங்கி, கோவிலைச் சுற்றிவிட்டுப் பந்திக்கு வருவார்கள். அன்று என்னோடு வேலை பார்த்தவர் வீட்டு வேண்டுதல் என்பதால் எனக்கும் ஓர் இலை கிடைத்தது.

இலையில் ஏற்கெனவே இடமில்லை. அப்போது எனக்கு எதிரே இருந்த பெரியவர் ஒரு வரி பாடினார், மற்றவர்கள் பின்பாட்டு. சாமி பாட்டு என்று நினைத்து நான் கைகூப்பப் போனேன். பார்த்தால் பரிமாறுகிற பையன் ஓடுகிறான், சேம்பிலைத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வருகிறது! அடுத்த வரிக்கு உப்புமாங்காய், அதற்கடுத்து தேன். பாடிக் கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாதாம், சொன்னால் வேண்டுதல் பலிக்காது என்பது நம்பிக்கை. கேட்காமல் வருவதும் பாடிக் கேட்பதுமாக மொத்தம் அறுபதுக்கு மேல். நான் இருபத்தெட்டு வரை எண்ணினேன், அப்புறம் பிரதமன் பாயசம் வந்துவிட்டது.

நடுவில் ரசம் இன்னொரு தடவை வேண்டுமென்று வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்தவர் தொடையில் தட்டி "பாடு" என்று சைகை காட்டினார். எனக்கு எங்கே பாட வரும்? உள்ளங்கையைக் குழித்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள்.

மதுரை மல்லி:
இதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டிக்கு வாங்க. முனியாண்டி விலாஸ் என்று ஊருக்கு ஊர் இருக்கிறதே, அந்த முனியாண்டி சாமி குடியிருக்கிற கிராமம். வெளியூரில் ஹோட்டல் நடத்துகிறவர்களெல்லாம் தை மாதத்தில் திரும்பி வந்து திருவிழா எடுப்பார்கள். நேர்ந்துவிட்ட ஆடும் சேவலும் ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாக வேகும். விடியக்காலையில் சாமிக்குப் படைத்துவிட்டு எல்லோருக்கும் பிரசாதம். பிரசாதம் என்றால் மட்டன் பிரியாணி! பல் தேய்த்த வாசனைகூடப் போகாத நேரத்தில், பனியில், கையில் சுடச்சுட பிரியாணி. பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியோடு வந்திருந்தார். நான் வெறுங்கையோடு போன மடச்சி.

டீயும் பன்னும்:
அகமதாபாத்தில் லால் தர்வாஜா பக்கம் லக்கி என்று ஒரு பழைய உணவகம். கடைக்குள்ளேயே மேஜைகளுக்கு நடுவில் கல்லறைகள். பச்சைப் பெயின்ட், சுற்றிலும் சின்னக் கம்பி வேலி, மேலே அன்றைய பூ. இடம் பழைய இடுகாடு, சமாதிகளை எடுக்காமல் கடையை வளர்த்திருக்கிறார்கள். சர்வர் தட்டோடு இடிக்காமல் வளைந்து வளைந்து போவதைப் பார்க்கவே ஒரு டீ குடிக்கலாம். சுவரில் எம்.எஃப். ஹுசைன் கொடுத்த ஓவியமும் இருக்கிறது. வெண்ணெய் தடவிய மஸ்கா பன் சுமார்தான் (இதற்கு அகமதாபாத்காரர்கள் அடிக்க வருவார்கள்).

கூழ்ப்பானை:
நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப டொரோண்டோ. எங்கட வீட்டில் கூழ் எண்டால் தனியாகச் சாப்பிட ஏலாது, பெரிய பானை வைத்து எல்லோரையும் கூப்பிட வேணும். மீன் தலை, நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டு, கடைசியில் ஒடியல் மாவைக் (காயவைத்த பனங்கிழங்கு மாவை) கரைத்து விடுவது. மாவை முதலில் ஊறவைத்துத் தண்ணியை வடிக்காவிட்டால் கைக்கும். ஊரில் பனையோலையை மடித்துப் பிளா எண்ட கிண்ணம் கோலி, மர நிழலில் சுற்றியிருந்து குடிப்போம். இங்கே ஸ்காபரோ கடையில் மா வாங்கலாம், ஓலைக்கு எங்கே போவது? போன கோடைக்கு அம்மம்மா அலுமினியத் தாளை மடித்துப் பிளா கோலித் தந்தார். வடிவாகத்தான் இருந்தது. கூழை விட்டதும் எல்லோரும் "ஆ" எண்டு கையை உதறினோம். பிறகு கோப்பியைக் குடிக்கிற கப்தான்.

வீட்டுப்பறவை:
பயணம் போக வழியில்லாதவர்களுக்கு ஒன்று. ஜூரிச்சில் 1999-இல் பிளிண்டேகூ என்று ஓர் உணவகம் திறந்தார்கள். உள்ளே கும்மிருட்டு, பரிமாறுகிறவர்கள் பார்வையற்றவர்கள். அதைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பீட்ரூட்டை என் வீட்டுக்காரர் கேரட் என்று அடித்துச் சொன்னார். சாம்பார் மடியில். இருட்டில் யார் அப்பளத்தை எடுத்தாலும் 'நொறுக்' என்று காட்டிக்கொடுத்துவிடும், ஆறு வயது மகளைத் தவிர. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் தட்டில் ஓர் அப்பளம்கூட இல்லை. சத்தமே வராமல் நாக்கில் வைத்து ஊறவைத்துத் தின்றிருக்கிறாள்.

வழிப்போக்கன்:
கூழ்ப்பானை, மாவை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்? மல்லி, தை மாதம் தூக்குவாளியோடு வருகிறேன். உங்களுக்கும் சேர்த்து இரண்டு.