புதுப்பிப்பு: பதுளைக் கோச்சியில் கண்ட கூட்டாளி

பதுளைக் கோச்சியில், அதாவது பதுளை ரயிலில், பேராதனை கெம்பஸ் கூட்டாளியைத் தற்செயலாகக் கண்டதையும், பேசி முடிப்பதற்குள் அவன் ஹட்டனில் இறங்கிவிட்டதையும் எழுதியிருந்தேன் அல்லவா? நம்பர் வாங்கினாயா என்று கேட்டவர்களுக்கு: வாங்கினேன், திரும்பும் வழியில் டிக்கோயாவில் அவன் வீட்டுக்கும் போய்விட்டேன்.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியாராம். கெம்பஸில் கணக்கென்றாலே ஓடியவன்! அவன் அம்மா சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. “தம்பி, இவனுக்கு அடிக்கடி கடன் குடுத்தது நீங்கதானே?” என்றார். அவன் மெதுவாக எழுந்து பிளேன்டீ ஊற்றப் போய்விட்டான்.

அடுத்த லீவுக்குத் தெமோதரை போகிறோம். ஸ்டேஷனுக்கு அடியிலேயே தண்டவாளம் சுரங்கத்துக்குள் வளைந்து போவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். டிக்கெட் அவன் செலவு.