மறு: கடுகில் ‘சால்ட் டாலரன்ஸ்’ – ‘உப்பு எதிர்ப்புத்திறன்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உப்பு மண்ணிலும் கடுகு விளையும் திறனுக்கு (‘சால்ட் டாலரன்ஸ்’) ‘உப்பு எதிர்ப்புத்திறன்’ என்று எழுதலாமா என்பது கேள்வி. ‘எதிர்ப்பு’ என்பதை நோய்க்கு விட்டுவிடுவோம். வெண்துரு நோயைச் சில கடுகு ரகங்கள் எதிர்க்கும். மண்ணில் உள்ள உப்பைக் கடுகு அழிப்பதில்லை. உப்பு மண்ணிலேயே கிடக்க, விளைச்சல் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கணக்கு. ஆகவே ‘தாங்குதிறன்’. முன்னால் ‘உப்பு’ என்று மொத்தமாகப் போடுவதும் போதாது. நீர் நிறைந்த மண்குழம்பில் வடித்த சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர். மண்துகளில் சோடியம் ஏறிக் கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போனால் களர். கர்னால் மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சி.எஸ். 52, சி.எஸ். 58 போன்ற கடுகு ரகங்களுக்கு இரண்டு வரம்பையும் தனித்தனியே தருகிறார்கள். நாமும் ‘உவர் தாங்குதிறன்’, ‘களர் தாங்குதிறன்’ என்று பிரிப்போம்.

---

ஏற்கிறேன். ஆனால் சாகாமல் நிற்பதையே தாங்குதிறன் என்று எண்ணிவிடுவார்கள். வரையறையில் விதை விளைச்சல் வர வேண்டும். கூடவே இரண்டு சொற்கள்: விளைச்சல் குறையத் தொடங்கும் ‘வரம்பு’, அதன்பின் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் விழும் ‘சரிவு’. கடுகின் உறவான பிராசிகா நேப்பஸ் என்ற எண்ணெய்வித்துப் பயிருக்கு வரம்பு 11 டெசிசீமன்ஸ், சரிவு 13%. அதாவது 13 டெசிசீமன்ஸில் விளைச்சலில் 74% மிஞ்சும். வரம்பு உயரம்தான், சரிவோ செங்குத்து.

வளர்நிலையையும் சேர்த்தே எழுதுங்கள். ஆய்வகத்தின் பெட்ரி தட்டில் முளைத்ததெல்லாம் பூக்கும்போது தாங்காது. அந்தத் தட்டிலும் பலர் சோடியம் குளோரைடை மட்டும் ஊற்றுகிறார்கள். கால்சியம் இல்லாததால் வேர்ச்சவ்வு கசியும். பழி உப்பின்மேல் விழும். கால்சியம் குளோரைடும் கலந்து, செறிவைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

---

செடி சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் வைக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்’ என்பதற்கு ‘வேர்த்தடுப்பு’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. சோடியம் வேருக்குள் நுழையத்தான் செய்கிறது. ஒரு பகுதியை எஸ்.ஓ.எஸ்.1 புரதம் மண்ணுக்கே திருப்பித் தள்ளுகிறது; நீர் மேலேறும் குழாயான சைலத்தில் ஏறியதை எச்.கே.டி. வகைப் புரதங்கள் இலைக்குப் போகுமுன் உறிஞ்சிக்கொள்கின்றன. ‘சோடிய விலக்கல்’ பொருந்தும். இலைக்கு வந்துவிட்டதை, செல்லுக்குள் இருக்கும் பையான வாக்குவோலில் பூட்டுவதற்கு ‘அடைத்துவைத்தல்’. ‘ஒதுக்கல்’ வேண்டாம், அது விலக்கலோடு குழம்பும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. விலக்கும் கால்வழியில் (தேர்வுக்கு வளர்க்கும் கடுகு வரிசையில்) இலைச்சோடியம் குறைவு, பொட்டாசியம்–சோடியம் விகிதம் உயர்வு. அடைத்துவைக்கும் கால்வழியிலோ சோடியம் ஏறியிருந்தும் இலை பச்சையாக நிற்கும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், இலைச்சோடியத்தை அளக்கும் சுடரொளிமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து, நன்றாகக் காய்க்கிற கால்வழியைக் கழித்துக்கட்டிவிடுவார்கள்.