தோற்ற ஆட்டத்துக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். செஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர், பயிற்சியாளர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. நன்றாகத்தான் ஆடுகிறான், தோல்விதான் தாங்கவில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை, அழவும் மாட்டான். நகர்வுகள் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, சாப்பாடும் வேண்டாமென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். ஒரே நாளில் இரண்டு மூன்று சுற்று வைக்கிறார்களா, காலையில் தோற்றால் மதிய ஆட்டமும் கையைவிட்டுப் போகிறது.

ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி) கவலை வேறு. பதினெட்டு வயதுக்குள், 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே கணக்கில் கே எண் (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. சம ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளி போச்சு. இதை அவனே மனக்கணக்காகச் சொல்கிறான். (கணக்குப் பரீட்சையில் இந்த வேகத்தைக் காணோம்!)

2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் தோற்றார், 12-வது ஆட்டத்தையும் விட்டார், அப்புறமும் உலக சாம்பியன் ஆனாரே என்று சொல்லிப் பார்த்தேன். "அவருக்கு அன்னைக்கே அடுத்த ஆட்டம் இல்லையேப்பா, எனக்கு ரெண்டு மணிக்கு இருக்கே" என்றான். என்னிடம் பதில் இல்லை.

தோற்ற ஆட்டத்தை உடனே அலசலாமா, ராத்திரிக்கு ஒத்திப்போடலாமா? பயிற்சியாளர் உடனே என்கிறார். எனக்கு அது புண்ணைக் கிளறுவதுபோலப் படுகிறது. அந்த இடைவெளியில் உங்கள் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பது எப்படி? இந்த வயதில் விளையாட்டு உளவியல் ஆலோசகரிடம் கூட்டிப்போனவர்கள் இருக்கிறீர்களா, பலன் இருந்ததா? திருச்சிப் பக்கம் இருந்தால் நல்லது, ஆன்லைனும் சரி.

"தோல்வியே வெற்றிக்கு முதல் படி" ரகப் பதில்கள் மட்டும் வேண்டாம். அதைப் பள்ளிக்கூடச் சுவரில் தினமும் படிக்கிறான்.