விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு இழுத்து இழுத்து ஓடுகிறது, மூலையில் பச்சை ஆமை

கேள்வி

வணக்கம். ஹோஸ்ட் (என் நிஜக் கணினி): விண்டோஸ் 11, 6 கோர் 12 த்ரெட் ப்ராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல், கெஸ்ட்டாக உள்ளே ஓடும் உபுண்டு லினக்ஸுக்கு 8 ஜிபி ராமும் 8 சிபியுவும் கொடுத்திருக்கிறேன். அப்படியும் மவுஸ் தத்தித் தத்தித்தான் நகர்கிறது. விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரிகிறது. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் செய்தாகிவிட்டது. டாக்கர் மென்பொருளுக்காக, விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-உம் இதே கணினியில் உண்டு, அதை எடுக்க முடியாது.

கூடவே இரண்டு சந்தேகம். ஜன்னல் திறக்காமலே விஎம்மை ஓடவிட்டு எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் மூலம் கட்டளை கொடுக்கும் முறை) வழியாக மட்டும் உள்ளே போக முடியுமா? உபுண்டுவுக்குள் 25 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது, விஎம்மின் டிஸ்க்காக இருக்கும் விடிஐ கோப்பு மட்டும் 60 ஜிபி காட்டுகிறதே, ஏன்?

பதில் 1

நோய் அந்த ஆமைதான். விர்ச்சுவல்பாக்ஸுக்கு ப்ராசஸரில் விஎம் ஓட்டுவதற்கென்றே உள்ள விடி-எக்ஸ் (இன்டெல்) அல்லது ஏஎம்டி-வி வசதி நேரடியாகக் கிடைத்தால் அந்த இடத்தில் 'வி' எழுத்துள்ள படம் வரும். உங்கள் கணினியில் அந்த வசதியை விண்டோஸின் சொந்த விஎம் அமைப்பான ஹைப்பர்-வி முதலிலேயே எடுத்துக்கொண்டது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஓட வேண்டியிருப்பதால் வேகம் விழுகிறது. பயாஸில் ஆன் செய்திருப்பது அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது.

ஹைப்பர்-வியை எழுப்பிவிடுவது எது என்று பாருங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் என்று போனால் வரும் மெமரி இன்டெக்ரிட்டி. மேலே சொன்ன நான்கையும் எடுத்துவிட்டு இதை மட்டும் ஆனில் விட்டாலும் ஆமை போகாது. அதை அணைப்பது பாதுகாப்பில் ஒரு படி இறங்குவது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டபிள்யூஎஸ்எல் 2-உம் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை நம்பித்தான் ஓடுகிறது, அது உங்களுக்குத் தேவை என்பதால் எதையும் நிரந்தரமாக நீக்க வேண்டாம். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பிசிடிஎடிட் கருவியால் இப்போதைய பூட் பதிவை நகலெடுங்கள். அந்த நகலில் மட்டும் 'ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்' என்பதை ஆஃப் ஆக்குங்கள். கணினி தொடங்கும்போது இரண்டு தேர்வுகள் வரும்: ஒன்றில் டாக்கர், இன்னொன்றில் முழு வேக விர்ச்சுவல்பாக்ஸ். நகலில் பூட் செய்தபின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி' வரி 'நாட் எனேபிள்டு' என்று காட்ட வேண்டும்.

பதில் 2

ஆமை போனாலும் இந்த ஒதுக்கீட்டில் திணறல் மிச்சமிருக்கும். உங்களிடம் உண்மையான கோர் 6தான், த்ரெட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 8 சிபியு கொடுத்தால் கெஸ்ட்டும் விண்டோஸும் ஒரே கோர்களுக்கு முட்டி மோதும். 3 அல்லது 4 வையுங்கள்.

ராம் 4 அல்லது 5 ஜிபி போதும். லினக்ஸ் காலியாக உள்ள நினைவகத்தை டிஸ்க் கேஷாக நிரப்பிக்கொள்ளும். அப்படி ஒருமுறை தொட்டதை ஹோஸ்ட்டுக்குத் தானாகத் திருப்பித் தராது. 8 ஜிபி அங்கே போய்விட்டால், மீதியில் பிரவுசரும் விண்டோஸும் நெருக்கியடித்து பேஜ் ஃபைலுக்கு (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) போகும், இரண்டு பக்கமும் உறையும்.

டிஸ்ப்ளே அமைப்பில் கிராஃபிக்ஸ் கண்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி வையுங்கள். கெஸ்ட்டுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸும் கட்டாயம். உபுண்டுவில் அதை நிறுவும் முன் கெர்னல் ஹெடர்களும் கம்பைலரும் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாட்யூல் உருவாகாது. பகிர்ந்த ஃபோல்டர் 'அனுமதி இல்லை' என்றால், உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்துவிட்டு லாகவுட் செய்து வாருங்கள்.

விஎம் 'சேவ்டு' நிலையில் (ஓடும் நிலையை அப்படியே சேமித்து நிறுத்தியது) இருந்தால் சிபியு, ராம் அமைப்புகளை மாற்ற விடாது. முதலில் உள்ளிருந்து முறையாக ஷட்டவுன் செய்யுங்கள்.

பதில் 3

ஜன்னல் இல்லாமல் ஓட்ட ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியில் 'ஹெட்லெஸ் ஸ்டார்ட்' இருக்கிறது. நிறுத்தும்போது 'பவர் ஆஃப்' வேண்டாம், அது ஓடும் கணினியின் பிளக்கைப் பிடுங்குவது. 'ஏசிபிஐ ஷட்டவுன்' கொடுங்கள், அது பவர் பட்டனை அழுத்துவது போல. டெஸ்க்டாப் உபுண்டு என்றால் உறுதி கேட்கும் பெட்டி உள்ளே காத்திருக்கக்கூடும், அப்போது எஸ்எஸ்ஹெச்சிலிருந்தே ஷட்டவுன் செய்வது மேல்.

நெட்வொர்க்கை 'நாட்' (NAT, ஹோஸ்ட்டின் இணைப்பு வழியாகவே கெஸ்ட் வெளியே போவது) முறையிலேயே விடலாம். கெஸ்ட்டுக்கு வழக்கமாக 10.0.2.15 முகவரி வரும், அதற்கு ஹோஸ்ட்டிலிருந்து நேரடியாகப் போக முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கில் ஒரு விதி சேருங்கள்: ஹோஸ்ட் ஐபி 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22, கெஸ்ட் ஐபி காலி. பிறகு 127.0.0.1-இன் 2222 போர்ட்டுக்கு எஸ்எஸ்ஹெச் செய்தால் உள்ளே போய்விடலாம். ஹோஸ்ட் ஐபியைக் காலியாக விடாதீர்கள், விட்டால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவர்களுக்கும் அந்தப் போர்ட் திறந்திருக்கும். உபுண்டு டெஸ்க்டாப்பில் ஓபன் எஸ்எஸ்ஹெச் சர்வரைத் தனியாக நிறுவ வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இரண்டாவது பூட் பதிவில் 'வி' படம் வந்துவிட்டது, 4 சிபியு 5 ஜிபியில் சீராக ஓடுகிறது. எஸ்எஸ்ஹெச்சும் சரி. விடிஐ மட்டும்தான் பாக்கி. மூன்று ஸ்னாப்ஷாட் (விஎம்மின் பழைய நிலைகளைச் சேமித்தவை) வேறு இருக்கிறது.

பதில் 2

டைனமிக் விடிஐ (தேவைக்கேற்பப் பெரிதாகும் வகை) வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே கோப்பை அழித்தாலும் அந்த பிளாக்கில் பழைய தரவு கிடக்கும், அது காலி என்று விர்ச்சுவல்பாக்ஸுக்குத் தெரியாது.

தேவையில்லாத ஸ்னாப்ஷாட்களை முதலில் நீக்குங்கள். நீக்கும்போது வித்தியாசக் கோப்புகள் ஒன்றோடொன்று சேர்வதால் ஹோஸ்ட் டிரைவில் தாராளமாக இடம் வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது. அதற்கு முன் முழு விஎம்மையும் வெளி டிரைவில் நகலெடுத்து வையுங்கள். ஸ்னாப்ஷாட் தாய் விடிஐயை நம்பி நிற்பது, அதை பேக்கப்பாக எண்ண வேண்டாம்.

அடுத்து லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, மவுண்ட் ஆகாத (பயன்பாட்டில் இணைக்கப்படாத) இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில், காலி பிளாக்குகளைச் சுழியமாக்கும் ஜீரோஃப்ரீ கருவியை ஓட்டுங்கள். விஎம்மை அணைத்தபின், ஹோஸ்ட்டில் விபாக்ஸ்மேனேஜ் கருவியின் மாடிஃபைமீடியம் கட்டளையை காம்பேக்ட் விருப்பத்தோடு கொடுத்தால் விடிஐ சுருங்கும்.