புதுப்பிப்பு: சுன்னாகத்தில எடுத்த வில்லுக்கத்தி, முத்திரை தெரிஞ்சிட்டுது

போன கிழமை சுன்னாகத்துப் பழைய சாமான் கடையில வாங்கின வில்லுக்கத்தியின்ர (மடக்குக் கத்தி) படத்தைப் போட்டு, எந்த ஊர், எந்தக் காலம் எண்டு கேட்டிருந்தன். விடை கிடைச்சிட்டுது.

சான்ட்பேப்பர் போடாதையுங்கோ, எழுத்து அழிஞ்சிடும் எண்டு ஒரு அண்ணை சொன்னதுதான் காப்பாத்தினது. மான்கொம்புப் பிடியில படாமல், அலகின்ர அடியில மட்டும் மண்ணெண்ணெய்த் துணியைச் சுத்தி ரெண்டு நாள் வச்சன். பிறகு பழைய பல்லுத் தூரிகையால மெல்லத் தேய்க்க, முதல்ல ஒரு நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் தெரிஞ்சுது. இங்கிலாந்தின்ர ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திக் கம்பனி ஜோசப் ரோஜர்ஸின்ர முத்திரை! எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

பக்கத்தில ஜி, ஆர் (ஜோர்ஜ் அரசரின்ர பேரெழுத்து), நடுவில கிரீடம். விக்டோரியா ராணி காலமெண்டால் வி, ஆர் எண்டு இருக்கும். அவவுக்கு முந்தின நாலாம் ஜோர்ஜ் காலமாயும் இருக்கலாமோ எண்டு யோசிச்சன். ஆனா கீழ 'இங்கிலாந்து' எண்டும் அடிச்சுக் கிடக்கு. நாட்டுப் பேர் அடிக்கிறது, இறக்குமதிச் சாமானில செய்த நாட்டின்ர பேர் வேணும் எண்ட அமெரிக்காவின்ர 1890 சுங்கச் சட்டத்துக்குப் பிறகு பரவின வழக்கம். அப்ப இது ஐந்தாம் ஜோர்ஜ் ஆட்சிக்கு வந்த 1910க்கு முந்தினதில்லை.

ரோஜர்ஸ் பேரைப் போலியா அடிச்சவையும் கனபேர். பேரை மட்டும் பாத்து வாங்காதையுங்கோ, நட்சத்திரம், சிலுவை எண்ட ரெண்டு குறியையும் தேடுங்கோ.

அலகு பாதி தேய்ஞ்சிட்டுது. ஆரோ வருசக்கணக்காத் தீட்டிப் பாவிச்சிருக்கினம். நான் இனித் தீட்டமாட்டன்.